தரகுக் கட்டணத்துக்காக டீமேட் கணக்கை மாற்றலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வங்கியின் த்ரீ-இன்-ஒன் கணக்கில் (சேமிப்பு, பங்கு வர்த்தகம், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் மூன்றும் சேர்ந்தது), கணவரை இரண்டாவது பெயராகச் சேர்த்து, 14 நிறுவனங்களின் பங்குகள் வைத்திருக்கிறேன். இன்றைய மதிப்பு 6.8 லட்சம். மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு பங்குகள் வாங்குவேன். வருடத்தில் மூன்று முறை 15,000 ரூபாய் அளவில் விற்பேன். தரகு 0.5 சதவீதம், ஓர் ஆர்டருக்குக் குறைந்தது 35 ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 700 ரூபாய். விற்கும்போது டிபி (டீமேட் கணக்கை நடத்தும் நிறுவனம்) கட்டணம் 25 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. இதே வங்கி மூலம் நாலரை வருடமாக ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டு ஒன்றில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போகிறது; அது இப்போது 4.2 லட்சம். முன்பு ஓர் ஐபிஓவுக்காக என் பெயரில் மட்டும் வேறொரு புரோக்கரிடம் தொடங்கிய டீமேட் கணக்கும் சும்மா கிடக்கிறது. அதற்கு வருடம் 400 ரூபாய் என்று குறுஞ்செய்தி வருகிறது. "எல்லாத்தையும் வித்துட்டு, தரகே இல்லாத ஆப்புல திரும்ப வாங்கிக்கோங்க சித்தி" என்கிறான் அக்கா மகன். செய்யலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் அக்கா மகனுக்கு முதல் வேலையாக இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 6.8 லட்சம் ரூபாய்ப் பங்குகளை உங்கள் வங்கிக் கணக்கில் விற்றால் தரகு 3,400, அதன் மேல் ஜிஎஸ்டி 612. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.1 சதவீதம், அதாவது 680. பதினான்கு நிறுவனங்களுக்கும் தனித்தனியாக டிபி கட்டணம் ஜிஎஸ்டியோடு 413. புதிய இடத்தில் தரகே இல்லாமல் திரும்ப வாங்கினாலும் எஸ்டிடி இன்னொரு 680, முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம் என்று 102, இரண்டு பக்கமும் சந்தைக் கட்டணம் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் ஏறக்குறைய 5,900 ரூபாய். இது லாபத்தின் மீதான வரி சேராமல். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளின் லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டினால் மேலே உள்ளதற்கு 12.5 சதவீதம், ஒரு வருடம் ஆகாதவற்றின் லாபத்துக்கு 20 சதவீதம். கட்டணத்துக்குப் பயந்து வீடு மாறுகிறவர், சாமான்களை விற்றுவிட்டுப் புது வீட்டில் மறுபடி வாங்குவாரா? பங்குகளை அப்படியே எடுத்துச் செல்ல வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். விற்று வாங்குவது மட்டும் வேண்டாம்.

இனி, நீங்கள் வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பார்ப்போம். 5,000 ரூபாய்க்கு 0.5 சதவீதம் என்றால் 25 ரூபாய்தான். ஆனால் 35 ரூபாய் என்ற குறைந்தபட்சத் தரகு உங்களைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் கொடுப்பது 0.7 சதவீதம். வருடம் 24 ஆர்டருக்கு 840, ஜிஎஸ்டியோடு 991. மூன்று விற்பனைகளுக்குத் தரகு 225, ஜிஎஸ்டியோடு 266. அவற்றின் டிபி கட்டணம் 89. பராமரிப்பு 700, ஜிஎஸ்டியோடு 826. கூட்டினால் 2,171 ரூபாய். சும்மா கிடக்கும் அந்த இரண்டாவது கணக்கின் 400, ஜிஎஸ்டியோடு 472. ஆக 2,643.

ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் இவற்றோடு இன்னும் சில வரிகள் இருக்கும். எஸ்டிடி, முத்திரைத் தீர்வை, தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் பரிவர்த்தனைக் கட்டணம் 0.00297 சதவீதம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கட்டணம் கோடிக்கு 10 ரூபாய். உங்கள் வருடாந்திர வரத்துபோக்கான 1.65 லட்சத்துக்கு இவை சுமார் 189 ரூபாய். எந்தப் புரோக்கரிடம் போனாலும் இது மாறாது. முன்பெல்லாம் பெரிய புரோக்கர்களுக்குச் சந்தைகள் குறைந்த கட்டணம் போட்டதால், வாடிக்கையாளரிடம் வாங்கியதற்கும் சந்தைக்குச் செலுத்தியதற்கும் நடுவே ஒரு லாபம் நின்றது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லா உறுப்பினருக்கும் ஒரே கட்டணம் என்று செபி ஆக்கிவிட்டது. ஆகவே "எங்களிடம் சந்தைக் கட்டணமும் குறைவு" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

புதிய இடங்களில் என்ன ஆகும்? விளம்பரத்தில் எல்லாமே 'குறைந்த கட்டணம்'தான். உங்கள் பழக்கத்துக்கு வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம். வாங்கி வைத்துக்கொள்ளும் 'டெலிவரி' ஆர்டர்களுக்குத் தரகே இல்லை, பராமரிப்பு வருடம் 300, டிபி கட்டணம் ஜிஎஸ்டியோடு 15 ரூபாய் சொச்சம் என்றொரு வகை: உங்களுக்கு வருடம் 400 ரூபாய் ஆகும். பராமரிப்பு இல்லை, தரகு 0.1 சதவீதம், குறைந்தது 5 ரூபாய், டிபி 20 என்று இன்னொரு வகை: 266 ரூபாய். பராமரிப்பு இல்லை, ஆனால் எந்த ஆர்டருக்கும் 20 ரூபாய், டிபியும் அதே 20 என்று மூன்றாவது வகை: 708 ரூபாய். தரகு இல்லாத இடத்தைவிடத் தரகு உள்ள இடம் உங்களுக்கு மலிவாக வருவதைக் கவனியுங்கள். லட்ச ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு 20 ரூபாய் தூசு. 5,000 ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அது 0.4 சதவீதம், இப்போது நீங்கள் கொடுக்கும் 0.7 சதவீதத்தில் பாதிக்கு மேல். பெரிய எழுத்தில் போட்ட விகிதத்தை விட்டுவிட்டு, குறைந்தபட்சத் தொகை, பராமரிப்பு, டிபி என்ற மூன்றையும் உங்கள் 27 ஆர்டர்களில் வைத்துப் பெருக்கிப் பார்ப்பதே சரியான ஒப்பீடு.

அப்படிப் பார்த்தால் மாறுவதால் வருடம் 1,500 முதல் 1,900 ரூபாய் வரை மிச்சம். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பாதிக்கு மேல் நீங்கள் இருக்கிற இடத்திலேயே மிச்சமாகும்.

எப்படி? அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று ஒன்று உண்டு; புரோக்கர் அலுவலகத்தில் பிஎஸ்டிஏ என்றால்தான் புரியும். 2024 ஆகஸ்ட் வரை, கணக்கில் உள்ள மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டினாலே இந்தச் சலுகை கிடையாது. 2024 செப்டம்பர் 1 முதல் வரம்பு உயர்ந்துவிட்டது: 4 லட்சம் வரை பராமரிப்புக் கட்டணம் கிடையாது, 4 முதல் 10 லட்சம் வரை வருடம் 100 ரூபாய்தான். நீங்கள் 6.8 லட்சம், 700 கொடுக்கத் தேவையில்லை, ஜிஎஸ்டியோடு 118 போதும். ஃபண்டு யூனிட்டுகள் டீமேட்டில் இருந்தால் அவையும் இந்த மதிப்பில் சேரும். உங்களுடையவை ஃபண்டு நிறுவனத்தின் ஃபோலியோவில் இருப்பவையாக இருந்தால் சேராது.

தகுதியுள்ளவர்களின் கணக்கை டிபி தானாகவே பிஎஸ்டிஏவாக மாற்ற வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மாறவில்லை என்றால் காரணம் அநேகமாக அந்த இரண்டாவது கணக்கு. தனிப் பெயரிலோ முதல் பெயராகவோ நாடு முழுவதும் ஒரே ஒரு டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கே இந்தச் சலுகை. வங்கிக் கணக்கில் முதல் பெயர் நீங்கள். ஐபிஓ கணக்கு உங்கள் தனிப் பெயரில். இரண்டு ஆகிவிட்டது. ஒரு பங்குகூட இல்லாத கணக்கு வருடம் 472 ரூபாயைத் தான் தின்பதோடு, இந்தப் பக்கம் 708 ரூபாயையும் தின்ன வைக்கிறது.

ஆகவே முதலில் மூட வேண்டியது அதைத்தான். மூடுவதற்கு முன் அதில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்று பாருங்கள். விற்று முடித்ததாக நினைத்த நிறுவனம் எப்போதோ பிரிந்து, புது நிறுவனத்தின் ஏழெட்டுப் பங்குகள் வந்து உட்கார்ந்திருப்பது சகஜம். டீமேட் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி (சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல்) மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் தெரியும். ஆனால் அது பான் எண்ணையும் பெயர்களின் சேர்க்கையையும் வைத்துத் தொகுக்கப்படுவது. கணவரோடு சேர்ந்த கணக்கு ஓர் அறிக்கையிலும், உங்கள் தனிக் கணக்கு இன்னோர் அறிக்கையிலும் வரும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்து, அந்தப் புரோக்கரின் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் பணம் கட்டாத வருடங்களுக்கும் கட்டணம் கடனாக ஏறியிருக்கும். சிலர் தாமதக் கட்டணமும் சேர்ப்பார்கள். அதைத் தீர்க்காமல் மூட மாட்டார்கள். கணக்கை மூடுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. பராமரிப்பை வருடத்துக்கு முன்கூட்டியே எடுத்திருந்தால், மீதமுள்ள காலாண்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.

மூடியதற்கான உறுதி மின்னஞ்சல் வந்த பிறகு, அதை இணைத்து வங்கியின் டிபி பிரிவுக்கு இரண்டே வரி எழுதுங்கள்: இப்போது எனக்கு ஒரே டீமேட் கணக்குதான், இதை பிஎஸ்டிஏவாக மாற்றுங்கள். கட்டணச் சுற்று முடியும்போது தானாக மாறும் என்று காத்திருந்தால் இன்னொரு 826 போய்விடலாம்.

இரண்டாவது மிச்சம் இன்னும் சுலபம். மாதம் இரண்டு பங்குகளுக்குப் பதில் ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று என்று 10,000 ரூபாய்க்கு வாங்குங்கள். ஆர்டருக்கு 50 ரூபாய், வருடம் 600, ஜிஎஸ்டியோடு 708. முன்பு 991. குறைந்தபட்சத் தரகு உங்களைத் தொடாத அளவு 7,000 ரூபாய். அதற்குக் கீழே ஆர்டர் போட வேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டையும் செய்தால் 2,643 என்பது 1,180 ஆகிவிடும். வேறு இடத்துக்குப் போனால் இதற்கு மேல் வருடம் 900 அல்லது 1,000 ரூபாய் மிச்சமாகும். கேள்வி இப்போது இந்த 1,000 ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது.

வங்கியில் குறைப்பு கேட்டால் 'முன்பணத் திட்டம்' ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள்: வருடம் 999 கட்டினால் தரகு 0.2 சதவீதம் என்பது மாதிரி. உங்கள் 1.65 லட்சத்துக்கு 0.2 சதவீதம் 330. 999ஐயும் சேர்த்தால் 1,329. திட்டமே இல்லாமல் இப்போது நீங்கள் கொடுக்கும் தரகு 1,065. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, குறைந்தபட்சத் தரகை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கிளை மேலாளரிடம் கேட்கலாம். சிலருக்குச் செய்து தருகிறார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்து போன விஷயம்: கணவரின் பெயர். மாறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கப் போவது கட்டணத்தைவிட இதுதான். செல்பேசியில் பத்து நிமிடத்தில் தொடங்கும் கணக்குகள் பெரும்பாலும் ஒருவர் பெயரில் மட்டுமே. பங்குகளை இலவசமாக, வரித் தொல்லை இல்லாமல் எடுத்துச் செல்லும் வசதி, பழைய கணக்கும் புதிய கணக்கும் எல்லா விதத்திலும் ஒன்றாக இருந்தால்தான்: அதே பெயர்கள், அதே வரிசை. உங்கள் பெயர் முதலில், கணவர் பெயர் இரண்டாவது என்று இங்கே இருந்தால் அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். தனிப் பெயர்க் கணக்குக்கு அனுப்பினால் அது வேறொருவருக்குச் செய்யும் மாற்றமாகவே பதிவாகும். இருவரும் கையெழுத்திட வேண்டும், வேறு காரணக் குறியீடு போட வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டணம் உண்டு. உதாரணமாக 30 ரூபாய் என்றால் பதினான்குக்கும் ஜிஎஸ்டியோடு 496. யாருடைய பணத்தில் வாங்கியது என்ற கேள்வியும் பின்னால் வருமான வரியில் எழலாம்.

"பழையது பழைய இடத்தில் இருக்கட்டும், புதிதாக வாங்குவதை மட்டும் ஆப்பில் வாங்குகிறேன்" என்றால்? மறுபடி இரண்டு கணக்கு. பிஎஸ்டிஏ போய்விடும், 700 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் மறுபடி தொடங்கும். மிச்சப்படுத்தப் போன 1,000 ரூபாயில் முக்கால்வாசி அதிலேயே கரையும். போவதென்றால் முழுவதும் போக வேண்டும். இல்லையென்றால் இருக்க வேண்டும்.

இணைப் பெயரில் கணக்கு தருகிற குறைந்த கட்டண நிறுவனங்களும் உண்டு. காகிதப் படிவம், இருவரின் பான், இருவரின் கேஒய்சி, இருவரின் கையெழுத்து. அப்படி ஒன்று கிடைத்து, அங்கேயும் பிஎஸ்டிஏ உண்டு என்று எழுத்தில் சொன்னால் மாறலாம், தவறில்லை. என் தீர்ப்பு: இந்த வருடம் மாற வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் 50,000 ஆகும் நாளில் தரகு மட்டுமே 3,500 ரூபாயைத் தாண்டிவிடும். அன்று இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து மாறுங்கள்.

மாறும் நாளில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தனிப் பெயரில் கணக்கு வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு இது இன்றே உதவும்.

முதல் வேலை, பழைய இடத்தின் ஆவணங்களை இறக்கிக்கொள்வது: எல்லா வருடங்களின் டிரேட் புக், கான்ட்ராக்ட் நோட்டுகள், லாப நட்ட அறிக்கை, லெட்ஜர். மாறுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். பங்குகள் புதிய கணக்குக்கு வரும்போது எண்ணிக்கை மட்டுமே வரும். வாங்கிய தேதியும் விலையும் கூட வராது. சட்டப்படி உங்கள் பழைய தேதியும் விலையும் மாறுவதில்லை. சொந்தக் கணக்குக்கு மாற்றுவது விற்பனை ஆகாது, அதனால் வரியும் இல்லை. ஆனால் புதிய செயலி அந்த இடத்தைக் காலியாகவோ, பங்கு வந்து சேர்ந்த நாள் விலையாகவோ காட்டும். நீங்களே ஒவ்வொன்றுக்கும் தேதி, விலை பதிய வேண்டும். பதியாமல் இரண்டு வருடம் கழித்து விற்றால், அந்த அறிக்கையை வாங்கும் ஆடிட்டர் தவறான லாபத்துக்கு வரி போடுவார். பழைய உள்நுழைவு அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

அடுத்து, இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் விவரப் பட்டியலை, அதாவது சிஎம்ஆர் தாளை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர், பான், பெயர் வரிசை, வங்கிக் கணக்கு. டிவிடெண்டு புதிய டீமேட்டில் பதிந்த வங்கிக் கணக்குக்கே போகும். சிடிஎஸ்எல் கணக்கு என்றால் 16 இலக்கங்கள். என்எஸ்டிஎல் என்றால் ஐஎன் என்ற எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 16. ஒரே டெபாசிட்டரிக்குள் மாற்றுவது இன்னும் சுலபம். சிடிஎஸ்எல்லின் ஈசியஸ்ட், என்எஸ்டிஎல்லின் ஸ்பீடு-ஈ தளங்களில் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு டெபாசிட்டரியிலிருந்து மற்றதற்கு என்றால் காகிதச் சீட்டோடு போவதே நிம்மதி.

கணக்கையும் மூடப்போகிறீர்கள் என்றால் 'மூடி மாற்றும்' படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த வகையில், பெயர்கள் ஒன்றாக இருந்தால், மாற்றுக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 2006 முதலே உள்ள செபி விதி. டிஐஎஸ் என்கிற டெலிவரி சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் நிறுவனவாரியாகக் கட்டணம் போட்டுவிடுவார்கள். சீட்டு திரும்பி வரும் முதல் காரணம் கையெழுத்து. பதினைந்து வருடம் முன்பு போட்ட கையெழுத்தை இன்று யாருக்கு நினைவிருக்கும்? சந்தேகம் இருந்தால் முதலில் கையெழுத்தைப் புதுப்பியுங்கள். இரண்டாவது காரணம், ஒவ்வொரு பங்குக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன். பங்குப் பிரிப்பில் முக மதிப்பு மாறினால் இந்த எண்ணும் மாறும். பழைய கான்ட்ராக்ட் நோட்டிலிருந்து எழுதாமல், இன்றைய ஹோல்டிங் அறிக்கையிலிருந்து எழுதுங்கள். மார்ஜினுக்காக அடமானம் வைத்த பங்கு நகராது. முதலில் விடுவிக்க வேண்டும். காரணம் கேட்கும் கட்டத்தில் சொந்தக் கணக்குக்கு மாற்றம் என்பதையே குறியுங்கள். சீட்டு ஏறிய பிறகு டெபாசிட்டரியிலிருந்து செல்பேசிக்கு ஓடிபி வரும். அதை உறுதி செய்யாவிட்டால் ஒன்றும் நடக்காது. செல்பேசி எண் பழையதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு வாரம் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் விற்க முடியாது. போனஸ், உரிமைப் பங்கு, பிரிப்பு என்று ஏதாவது அறிவித்திருக்கும் நிறுவனம் இருந்தால் ரெக்கார்டு தேதி தாண்டி, பங்குகள் வந்து சேர்ந்த பிறகு தொடங்குங்கள். கடைசியாக, பழைய புரோக்கரிடம் எப்போதோ கையெழுத்திட்டுக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வாடிக்கையாளர்களின் பங்குகளைக் கார்வி நிறுவனம் அடமானம் வைத்தது தொடர்பாக 2019 நவம்பரில் செபி ஆணை போட வேண்டி வந்ததற்கு இந்த அதிகாரம்தான் வழிவிட்டது. இப்போது டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரமே போதும். அதுவும் தராமல், விற்கும்போதெல்லாம் டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் போட்டு விற்கலாம். வருடம் மூன்று முறை விற்கும் உங்களுக்கு அதில் என்ன கஷ்டம்?

'தரகு இல்லை' என்று சொல்பவர்களுக்கு வருமானம் எங்கிருந்து என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். எஃப்&ஓ என்கிற முன்பேர ஊக வணிக ஆர்டர்களுக்கான கட்டணமும், கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைக்கும் எம்டிஎஃப் வட்டியும் அதில் முக்கியமானவை. அதனால் செயலியின் முகப்பு உங்களை அந்தப் பக்கமே கூப்பிடும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப்&ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அந்தப் பிரிவைத் திறக்காமலே கணக்கு தொடங்கலாம். வருமானச் சான்று கேட்டால் தராதீர்கள், அவ்வளவுதான். ஆர்டர் போடும்போது 'டெலிவரி' என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 'இன்ட்ராடே' என்று விட்டுவிட்டால் மாலைக்குள் அவர்களே விற்றுவிட்டு அதற்கும் கட்டணம் போடுவார்கள்; 'எம்டிஎஃப்' என்றால் மறுநாளே வட்டி ஓடத் தொடங்கும். த்ரீ-இன்-ஒன்னில் வாங்கும் நிமிடம் வரை பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் வட்டியோடு இருக்கிறது. மற்ற இடங்களில் முன்கூட்டி அனுப்பினால் அது புரோக்கரிடம் வட்டியில்லாமல் கிடக்கும். பணம் அனுப்பும் யுபிஐ முகவரியில் '.பிஆர்கே' என்பதும் '@வேலிட்' என்பதும் ஆங்கில எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செபி பதிவு பெற்ற புரோக்கர்களுக்கு 2025 அக்டோபர் முதல் இந்த முகவரி உண்டு. வாட்ஸ்அப் இணைப்பில் வந்த செயலியில் கணக்கு தொடங்கவே வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். மேலே 2,643 ரூபாய்க்கு இவ்வளவு கூட்டிக் கழித்தோம். அதைவிடப் பெரிய தொகை ஒன்று எந்தக் கான்ட்ராக்ட் நோட்டிலும் வராமல் போய்க்கொண்டிருக்கிறது. வங்கி மூலம் போகும் எஸ்ஐபி ரெகுலர் பிளான். அதில் விநியோகஸ்தரான வங்கிக்குக் கமிஷன் உண்டு. அது திட்டச் செலவிலேயே சேர்ந்து, தினமும் என்ஏவியில், அதாவது யூனிட்டின் விலையில், கழிந்துவிடும். அதே ஃபண்டு, அதே மேலாளர், அதே பங்குகள், கமிஷன் மட்டும் இல்லாமல் டைரக்ட் பிளான் என்று 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டு நிறுவனங்களிலும் இருக்கிறது. உங்கள் திட்டத்தின் ரெகுலர் செலவு விகிதம் 1.7, டைரக்ட் 0.8 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 0.9 சதவீதம், 4.2 லட்சத்துக்கு வருடம் 3,780 ரூபாய். சரியான எண்ணை ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலேயே பார்க்கலாம். வங்கிக்கு எவ்வளவு கமிஷன் போனது என்பதை ரூபாய்க் கணக்கிலேயே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒருங்கிணைந்த அறிக்கையில் அச்சிட்டிருப்பார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் முடியும் அரையாண்டுகளுக்கானவை அவை. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. தரகு வாங்கிய பணத்துக்கு ஒரு முறைதான். இது சேர்ந்து நிற்கும் மொத்தப் பணத்துக்கு, ஒவ்வொரு வருடமும். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாமல் இந்த 4.2 லட்சம் பத்து வருடம் 12 சதவீதத்தில் வளர்ந்தால் 13.04 லட்சம், 11.1 சதவீதத்தில் வளர்ந்தால் 12.03 லட்சம். இன்றைய வித்தியாசம் அன்று ஒரு லட்சம்.

வங்கி மேலாளர் உங்களுக்கு உண்மையிலேயே ஆலோசனை சொல்கிறார், சந்தை விழுந்தபோது எஸ்ஐபியை நிறுத்தாமல் பிடித்து வைத்தார் என்றால் அந்தக் கமிஷன் நியாயமே. படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு சரி என்றால் நியாயமில்லை.

மாற்றுவதை இரண்டாகப் பிரியுங்கள். புது எஸ்ஐபியை இந்த மாதமே டைரக்ட் பிளானில் தொடங்கலாம். இருக்கும் ஃபோலியோ எண்ணை வைத்து ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலோ ஃபண்டுகளின் பொதுத் தளமான எம்எஃப் சென்ட்ரலிலோ செய்யுங்கள். திட்டத்தின் பெயரில் 'டைரக்ட்' என்பதோடு 'குரோத்' என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில், பணத்தை அவ்வப்போது பிரித்துத் தரும் ஐடிசிடபிள்யூவை அழுத்திவிடுகிறவர்கள் உண்டு. பழைய எஸ்ஐபியை ரத்து செய்து, அந்த உறுதி வந்த பிறகு புதியது. இல்லையென்றால் ஒரு மாதம் இரண்டும் போய், கணக்கில் பணமில்லாமல் வங்கி அபராதம் விழும்.

பழைய யூனிட்டுகளில் அவசரம் கூடாது. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு 'ஸ்விட்ச்' செய்வதும் விற்பனைதான். அதற்கு வரி உண்டு. 54 தவணைகளில் நீங்கள் போட்டது 2.7 லட்சம், லாபம் 1.5 லட்சம். கடைசிப் பன்னிரண்டு தவணைகளுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை: 20 சதவீத வரியும், பல திட்டங்களில் 1 சதவீத வெளியேறும் கட்டணமும் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளை மார்ச் 31க்கு முன் ஒரு பாதி, ஏப்ரலில் மறு பாதி என்று மாற்றினால் இரண்டு நிதியாண்டுகளின் 1.25 லட்ச விலக்கும் கிடைத்து, வரி இல்லாமலே முடியும். அதே வருடங்களில் பங்குகளை விற்று வந்த நீண்டகால லாபமும் இந்த 1.25 லட்சத்திலேயே அடங்கும்; அதைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். யூனிட்டுகள் பழையதிலிருந்தே முதலில் வெளியேறும் என்பதால், எத்தனை யூனிட் என்பதை அறிக்கையிலிருந்து எடுத்து, ரூபாயில் இல்லாமல் யூனிட் எண்ணிக்கையில் கோரிக்கை கொடுங்கள். மாறிய யூனிட்டுகளுக்கு ஒரு வருடக் கெடு புதிதாகத் தொடங்கும். பன்னிரண்டு மாதத்துக்குள் பிள்ளைகள் படிப்புக்கோ வேறெதற்கோ தேவைப்படும் தொகை அதில் இருந்தால், அந்த அளவை மட்டும் ரெகுலரிலேயே விட்டு வையுங்கள்.

இரண்டாவது டீமேட் கணக்கை மூடும் படிவத்தை நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மூடாமல் இழுத்தடித்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம், அங்கே 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். அப்போது அந்த முத்திரையில் உள்ள தேதிதான் கேட்கப்படும்.